துப்பட்டாவின் நுனி

குக்கர் முதல் விசில் அடித்ததும் பெரியவள் ஓடி வந்து அம்மாவின் துப்பட்டா நுனியை ஒருமுறை இழுத்தாள். இழுத்துவிட்டுத் திரும்பிப் போய், வாசலோரம் உட்கார்ந்து ஷூவுக்குள் காலைத் திணிக்கும் வேலையைத் தொடர்ந்தாள். இரண்டாவது விசிலுக்கு ஒற்றை ஷூவோடு நொண்டிக்கொண்டு வந்து இழுத்தாள். மூன்றாவதற்கு வந்தபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, மகளின் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினாள். தெரிஞ்சாச்சு, போதும் என்று அதற்குப் பொருள்.

கூடத்தில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அப்பா இதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் ஒன்றும் தோன்றியிருக்காது. ஐந்து வயதுப் பிள்ளை அம்மாவின் துணியைப் பிடித்துக்கொண்டு அலைவதில் என்ன அதிசயம்?

அம்மாவுக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வருகிறது என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி இன்னும் ஷூவை இடம் வலம் மாற்றிப் போடுகிறவள்.

முதல் பிரசவத்துக்குப் பிறகே அது ஆரம்பித்துவிட்டது. அப்போது அவள் ஒரு கூரியர் அலுவலகத்தில் தொலைபேசிப் பிரிவில் இருந்தாள். பார்சல் வந்து சேராதவர்களின் வசவைக் கேட்டு எழுதிக்கொள்கிற வேலை. வசவு நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. ஜனங்களெல்லாம் திருந்திட்டாங்க போலிருக்கு என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் சிரித்தாள். ரிசீவரை வலது காதிலிருந்து இடதுக்கு மாற்றினாள், பிறகு இடதிலிருந்து வலதுக்கு. முகவரிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒருநாள், லைன் கட்டாகிவிட்டது என்று ரிசீவரை வைத்தாள். "ஏண்டி, அந்தாளு பேசிட்டுதானே இருந்தாரு, எனக்கே இங்க வரைக்கும் கேட்டுச்சே" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டாள். பிள்ளைகளுக்காக நல்ல வேலையை உதறினாள் என்று உறவில் எல்லோரும் மெச்சினார்கள். அவள் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பாராட்டு, அளவு சரியில்லாத இரவல் சட்டையைப் போல உடம்பில் கிடந்தது.

கணவன் லிப்ட் மெக்கானிக். காதுதான் எனக்குச் சோறு போடுது என்று அவனே சொல்வான். லிப்டுக்குள் நுழைந்து, பொத்தானை அமுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். மேலே போய் இறங்கி வந்ததும், நாலாவது மாடிக்கு மேல ஒரு ரோலர் உரசுது, கழட்டிப் பாருங்கடா என்பான். கழற்றிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட காது வீட்டுக்கு வந்ததும் செருப்போடு சேர்ந்து வாசலிலேயே கழன்றுவிடும். நாள் முழுக்க உரசலும் கிறீச்சிடலும் கேட்டு வருகிறவனுக்கு வீட்டில் அமைதி வேண்டும். அவனுக்கு வாய்த்தவளும் அமைதியானவள். அவளுடைய குரல் அவளுக்குள்ளேயே அண்டாவுக்குள் பேசுவதுபோல முழங்கியது. அதனால் அவள் மெல்லப் பேசினாள், வரவர இன்னும் மெல்ல. மகளோ எதையும் உதட்டை அகல விரித்து, எழுத்தெழுத்தாக, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"அம்மா பேசினா பக்கத்துல உக்காந்திருக்கற எனக்கே கேக்க மாட்டேங்குது. அவ பேசாததையெல்லாம் சேத்து வெச்சு நீ பேசற" என்பான் மகளிடம். அவளுக்கு ஸ்பீக்கர் என்று பெயர் வைத்திருந்தான். "ஸ்பீக்கரம்மா, கொஞ்சம் வால்யூமக் கொறைங்க. கீழ் வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போயிடப் போறாங்க."

சின்னவன் தவழத் தொடங்கியிருந்தான். கையும் காலும் மடிப்பு மடிப்பாக இருந்ததால் அவனுக்கு உருண்டை என்று பெயர்.

உருண்டையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில்தான் அம்மா அந்தத் துப்பட்டா ஏற்பாட்டைச் செய்தாள். பிள்ளையின் வாயைப் பார்த்தால்தான் அவன் அழுகிறான் என்று தெரிந்தது. முதுகுப் பக்கம் அழுதால் தெரியவில்லை. பெரியவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, துப்பட்டாவின் நுனியை அவள் கையில் கொடுத்தாள். "இது மணி அடிக்கற கயிறு. தம்பி அழுதா நீ ஓடி வந்து இதப் பிடிச்சு இழுக்கணும். அம்மா டிங் டிங்னு ஓடுவேன், சரியா?" பிள்ளை சிரித்துச் சிரித்து அன்றைக்கு முழுக்க இழுத்தாள். மறுநாளிலிருந்து சிரிக்கவில்லை. விளையாட்டில்லை என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அம்மா பலமுறை யோசித்திருக்கிறாள்.

சொல்லிக் கொடுத்தது ஒன்று, பிள்ளை தானாகச் சேர்த்துக்கொண்டது ஒன்பது. தம்பி சிணுங்கினால் மெல்லிய இழுப்பு, வீறிட்டால் கழுத்து நோகும் இழுப்பு. காலிங் பெல் அடித்தால் இழுத்துக்கொண்டே வாசல் பக்கம் நடப்பாள். உதட்டசைவைப் பார்த்துத்தான் அம்மா பேச்சைப் பிடிப்பாள் என்பதால், ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய தாடையை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். வீட்டில் எந்த அறையில் விளையாடினாலும் கதவைத் திறந்தே வைத்திருப்பாள். பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி, கழுத்தை நிமிர்த்தி, காவல் நாயைப் போல ஒரு கணம் அசையாமல் இருப்பாள். அந்த ஒரு கணத்தைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. உருண்டையை மடியில் இருத்தி, அவன் உச்சியில் தாடையை ஊன்றிக்கொண்டால், அவன் முனகுவது அவளுக்குக் கேட்டது. காதில் அல்ல. பல்லில், கன்னத்து எலும்பில், எங்கோ தலைக்குள். பிள்ளை ஆசையில் வருகிற பிரமை என்று நினைத்துக்கொண்டாள். பிரமையாக இருந்தால்தான் என்ன, வேலையெல்லாம் ஒழிந்ததும் ஜன்னலோரம் அப்படி உட்கார்ந்துவிடுவாள்.

பெரியவள் பள்ளிக்கூடம் போன நேரங்களில் அவள் உருண்டையைக் கண்பார்வையை விட்டு அகல விட்டதில்லை. குளிக்கப் போனாலும் குளியலறை வாசலில் பாயை விரித்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே குளிப்பாள். அப்படியும் ஒருநாள் தவறிவிட்டது. தூங்குகிற பிள்ளைக்கு இருபுறமும் தலையணை வைத்துவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனாள். துலக்கி முடித்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினால், நாத்தனார் நின்றிருந்தாள். இடுப்பில் உருண்டை. அழுது அழுது அவன் முகம் கருஞ்சிவப்பாக இருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தலைகீழாகச் சொருகிக் கிடந்திருக்கிறான்.

"படியேறி வரும்போதே கேக்குது இவன் கத்தறது. தொண்டையே கட்டிப்போச்சு பாரு. இங்க நின்னுக்கிட்டு இருக்க, உனக்குக் கேக்கல?"

"மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு அண்ணி."

நாத்தனாரின் கண் அலமாரிப் பக்கம் போனது. அங்கே மிக்ஸி, காய்ந்த துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே கூடத்துக்குப் போய்விட்டாள்.

கெட்டவளாக இருந்திருந்தால் சமாளித்துவிடலாம். நாத்தனார் நல்லவள். அவளுக்குப் பிள்ளை இல்லை, அதைப் பற்றி யாரிடமும் புலம்பியதில்லை. பஸ்ஸில் பாதி நாள் பயணம் செய்து வந்து, வந்த களைப்போடு இங்கே துணி துவைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவள். அன்றைக்குச் சாயந்திரம் தன் தம்பியிடம் சொன்னாள், மறைவாக அல்ல, இவளையும் எதிரில் வைத்துக்கொண்டு, உதடு இவளுக்கும் தெரியும்படிதான் சொன்னாள்: "நடக்க ஆரம்பிக்கற வரைக்கும் இவன எங்கிட்ட விட்டு வைடா. மிக்ஸி சத்தத்துல இவன் அழுதது கேக்கலையாம். பாவம், ரெண்டையும் வெச்சுக்கிட்டு அவ ஒத்தையா திண்டாடறா."

"பாக்கலாங்க்கா" என்றான் அவன்.

அந்தப் 'பாக்கலாம்' அன்றிலிருந்து வீட்டில் ஒரு ஆளைப் போல இருந்தது. காது விஷயம் தெரிந்தால் அது 'சரி, கூட்டிட்டுப் போ' என்று மாறிவிடும். அப்படி மாறினால் அதை எதிர்த்துச் சொல்ல அவளிடம் நியாயமான ஒரு வார்த்தைகூட இல்லை. அதுதான் அவள் பயம்.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

வகுப்பு டீச்சர் இளம்பெண். குட்டி நாற்காலிகளில் இருவரையும் உட்கார வைத்துவிட்டு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டாள். "நல்லாப் படிக்கறா. ஆனா என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா என் மூஞ்சியப் பிடிச்சுத் திருப்பறா. பக்கத்துப் பசங்களையும் அப்படித்தான். பென்சில் வேணும்னா சட்டையப் பிடிச்சு இழுக்கறா. பேசினா ஒரே கத்தல், வாய அவ்வளோ பெருசாத் தொறந்து. பசங்க கொஞ்சம் பயப்படறாங்க. நீங்க தப்பா நெனைக்கலன்னா, ஒரு தடவ காது டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்களேன்."

வீட்டுக்கு வந்ததும் அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "நான் ஒரு முட்டாள். ஊர்ல இருக்கற மிஷினுக்கெல்லாம் வைத்தியம் பாக்கறேன். பெத்த பொண்ணு கத்திக் கத்திப் பேசறாளே, ஏன்னு ஒருநாளாவது யோசிச்சனா? ஸ்பீக்கர், ஸ்பீக்கர்னு கிண்டல் வேற."

பிறகு அவன் தொழில்காரன் செய்வதைச் செய்தான். மகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்க, அவளுக்குப் பின்னால் போய் நின்று, பையிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்துத் தரையில் போட்டான். பெரியவள் வெடுக்கென்று எழுந்தாள். சத்தம் வந்த பக்கம் திரும்பவே இல்லை. நேராக அம்மாவிடம் ஓடித் துப்பட்டாவை இழுத்தாள். அவன் மறுபடி போட்டான். அவள் மறுபடி இழுத்தாள்.

"பாத்தியா?" அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. "சத்தம் எந்தப் பக்கம்னே தெரியல அவளுக்கு. தரை அதிர்றது கால்ல தெரியுது போல, பயந்து உங்கிட்ட ஓடறா."

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம் என்று தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அவன் சொன்னான்: "அக்காகிட்ட சொல்லிட்டேன். துடிச்சுப் போயிட்டா. டெஸ்டு முடிஞ்ச கையோட போன் பண்ணச் சொல்லிருக்கா."

வந்தது திரும்பி இறங்கிவிட்டது. பிள்ளைக்குத்தான் ஒன்றுமில்லையே, மிஷின் அதைச் சொல்லட்டும், எல்லாரும் நிம்மதியாகப் போய்விடுவார்கள் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். அந்தச் சமாதானம் நம்பும்படியாகவே இருந்தது.

பரிசோதனை அறை, அறைக்குள் இருந்த இன்னொரு அறை. கதவு ஒரு சாண் தடித்திருந்தது. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்ததுபோல இருந்தது. ஒரு பக்கம் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேசையும் மிஷினும். பரிசோதனை செய்யும் பெண் சிரித்த முகமாக இருந்தாள். பெரியவளின் முன்னால் மண்டியிட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளியையும் கலர் கலராக மரக்கட்டைகளையும் வைத்தாள். சத்தம் கேட்டால் ஒரு கட்டையை எடுத்து வாளியில் போட வேண்டும். பெரியவள் தலையாட்டினாள். ஆனால் ஹெட்போனை மாட்டப் போனதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அதப் போட்டா தம்பி அழறது கேக்காது."

"தம்பிதான் வெளிய அப்பாகிட்ட இருக்கானேடா."

"அப்பாவுக்குக் கேக்காது" என்றாள் பெரியவள், உதட்டை அகல விரித்து.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "சரி, வேணாம். ஸ்பீக்கர்லயே போடறேன். நீங்க பின்னால உக்காருங்கம்மா. சத்தம் கேக்கும்போது நீங்க எந்தச் சைகையும் காட்டிடாதீங்க, அவளாப் போடணும்." சொல்லிவிட்டு வெளியே போய்த் தடித்த கதவைச் சாத்தினாள்.

அம்மா மகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அறையின் இரண்டு மூலைகளிலும் கறுப்புப் பெட்டிகள் நின்றன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் குனிந்து எதையோ திருகினாள். பெரியவளின் கை பின்னால் நீண்டு வந்து துப்பட்டா நுனியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பழக்கம், இருக்கட்டும் என்று அம்மா விட்டுவிட்டாள்.

துப்பட்டா வெடுக்கென்று இழுபட்டது. அவள் மகளின் தலையில் கையை வைத்தாள், பொறு. மறுபடி இழுபட்டது. வெளியே உருண்டை அழுகிறானோ? இவ்வளவு தடித்த கதவைத் தாண்டியுமா இவளுக்குக் கேட்கும்? மறுபடியும். "ஒண்ணுக்கு வருதா?" என்று குனிந்து கேட்டாள். பெரியவள் பொறுமையிழந்து தலையை அசைத்தாள். கட்டைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. அம்மா கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்:

"இன்னும் ஆரம்பிக்கலையாங்க?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் தலை நிமிர்ந்தது. அவள் கை மிஷினின் மேல் இருந்தபடியே நின்றது. அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு பிள்ளையின் கையை, அந்தக் கையில் இருந்த துணியை. மெதுவாக, அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், எதையோ திருகினாள். துப்பட்டா இழுபட்டது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. வந்த ஒவ்வொன்றையும் பிள்ளை வாளியில் போடாமல் அவளிடம் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

துணியைப் பிள்ளையின் கையிலிருந்து உருவிக்கொண்டிருக்கலாம். கட்டையை எடுத்துப் போடு என்று சொல்லியிருக்கலாம். அவள் எதுவும் செய்யவில்லை. அவளுக்கு அது வேண்டியிருந்தது. அந்தப் பெண் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனாள் போலும். பிள்ளையின் இழுப்பும் அதற்கேற்ப மெலிந்துகொண்டே வந்தது. பெரிய சத்தத்துக்குப் பெரிய இழுப்பு, சின்ன சத்தத்துக்குச் சின்னது, அதுதானே அவர்களுடைய கணக்கு. தூண்டில் நூலின் மறுமுனையில் மீன் முகர்ந்துவிட்டுப் போவதுபோல ஒன்று. அதற்குப் பிறகு அதனினும் மெல்லியது ஒன்று. கடைசியில், இழுப்பா, அந்தச் சின்ன விரல்களுக்குள் ஓடும் நாடியா என்று பிரித்தறிய முடியாத ஒரு துடிப்பு. இவ்வளவு சன்னமானதெல்லாம் உலகத்தில் இருக்கிறதா? இதையெல்லாம் கேட்டுக்கொண்டா இவள் இத்தனை நாள் அந்த வீட்டில் காவல் உட்கார்ந்திருந்தாள்? அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் துணியின் அசைவுக்காகக் காத்திருந்தாள்.

கதவு திறந்தது. அந்தப் பெண் உள்ளே வந்து, கையிலிருந்த பைலைத் தூக்கித் தன் வாயை மறைத்துக்கொண்டாள். பைலுக்கு மேலே அவளுடைய கண்கள் மட்டும் தெரிந்தன, அன்பான கண்கள். அவள் ஏதோ சொல்கிறாள் என்பது பைல் லேசாக அசைந்ததில் தெரிந்தது. அம்மா அந்த அசைவையே பார்த்தாள்.

பெரியவள் எழுந்து நின்றாள். அம்மாவின் தாடையை இரு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். வாசலில் பால்காரர் வந்திருக்கிறார் என்று சொல்கிற அதே முகத்தோடு சொன்னாள்:

"அம்மா, உனக்கு எப்பலேருந்து காது கேக்கலன்னு கேக்கறாங்க."

அந்தப் பெண் பைலை இறக்கிவிட்டாள். பிறகு அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் இரும்புக் கவட்டையை எடுத்து வந்தாள். தன் முழங்காலில் தட்டி, அதன் இரண்டு முனைகளும் அதிர அதிர அதை அம்மாவின் காதோரம் பிடித்தாள். ஒன்றுமில்லை. அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ஊன்றினாள்.

கேட்டது. உருண்டையான, நிறைந்த, அதிர்கிற ஒரு சத்தம். அண்டைவீட்டில் யாரோ வெண்கலப் பாத்திரத்தைத் தட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டே நிற்பதுபோல. ஜன்னலோரம் தாடைக்கடியில் வந்த முனகல் பிரமையில்லை என்று அவளுக்கு விளங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததைத் துடைக்கத் துப்பட்டாவைத் தேடினாள். அது பிள்ளையின் கையில் இருந்தது.

"எலும்பு வழியா நல்லாக் கேக்குது" என்றாள் அந்தப் பெண், இப்போது முகத்துக்கு நேராக, நிதானமாக. "நரம்பு நல்லா இருக்கு போல. உள்ள ஒரு குட்டி எலும்பு இறுகிப்போயிருக்கலாம். பிள்ள உண்டாகும்போது சில பேருக்கு அது கூடிடும். பெரிய டாக்டரப் பாருங்க. மிஷின் வெச்சுக்கலாம், ஆபரேஷன்கூட இருக்கு. இத்தன நாள் ஏன் சும்மா இருந்தீங்க?" பைலைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: "பாப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல. இவ்வளோ கூர்மையா கேக்கற பிள்ளைய நான் பாத்ததில்ல." பிறகு பெரியவளிடம் குனிந்தாள். "ஏண்டா, நீ ஒரு கட்டையக்கூட வாளியில போடலயே?"

"கை வேலையா இருந்துச்சு" என்றாள் பெரியவள்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா? நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"நானே சொல்றேன்."

வெளியே நீள பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். தோளில் உருண்டை, வாயில் அப்பாவின் சட்டைக் காலர். அவர்களைப் பார்த்ததும் எழுந்தான். என்னாச்சு என்று உதடு கேட்டது.

"அவளுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்."

"என்ன?" அவளுடைய குரல் அவனுக்கு எட்டவில்லை.

"எனக்குத்தாங்க காது கேக்கல. ரொம்ப நாளா."

முதலில் அவன் முகத்தில் வந்தது நிம்மதி. பிள்ளைக்கு இல்லை என்கிற நிம்மதி. அது அப்படியே நின்று, அடுத்தது வருவதற்கு நேரமெடுத்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான், லிப்டுக்குள் நின்று கேட்பதுபோல. மேலே போய், கீழே இறங்கி வருகிற நேரம் அப்படியே நின்றான். திறந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அன்னைக்கு மிக்ஸி ஓடல. இல்ல?"

"ஓடல."

அவன் உருண்டையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். அவளுக்குத் தள்ளியிருந்த தோள் அது. வேண்டுமென்று செய்திருக்க மாட்டான், அவனுக்கே தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா..." என்று அவள் உருண்டையைப் பார்த்தாள். உருண்டை அவளைப் பார்த்ததும் காலரைக் கக்கிவிட்டு இரு கைகளையும் நீட்டினான். அவன் பிள்ளையை அவளிடம் கொடுத்தான். கொடுக்கும்போது ஒரு கணம் தாமதித்ததையும் அவள் பார்த்தாள்.

கம்பெனி வேனில் திரும்பினார்கள். பின்னால் கயிறும் சங்கிலியும் எண்ணெய் டப்பாக்களும், நடு வரிசையில் அவளும் பிள்ளைகளும். முன்னால் வண்டியை ஓட்டிக்கொண்டு அவன். அவளுக்கு அவனுடைய பிடரியும் ஒரு காதும் தெரிந்தன. அந்தக் காதின் மேல்மடிப்பில் ஒரு மச்சம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை அவள் பார்த்ததில்லை. வண்டி ஓடுகிறது என்பது தொடையில் தெரிந்தது. பெரியவள் ஒட்டி உட்கார்ந்து துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். சீக்கிரமே ஒரு மிஷின் வரும், இந்தப் பிள்ளைக்கு விடுதலை என்று அம்மா நினைத்தாள். பிறகு என்ன செய்வாள் இவள், திறந்து வைத்த கதவுகளையெல்லாம் சாத்துவாளா?

சிக்னலில் நின்றபோது போன் ஒளிர்ந்தது. திரையில் நாத்தனாரின் படம். போன வருஷம் உருண்டை பிறந்தபோது எடுத்தது, துணிச்சுருளுக்குள் இருந்த அவனைத் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. கணவன் போனை எடுத்துக் காதில் வைத்தான். ஒருமுறை கண்ணாடியில் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தை நேராகத் திருப்பிக்கொண்டான்.

அவன் பேசத் தொடங்கியது தாடை அசைவில் தெரிந்தது. பின்னாலிருந்து பார்த்தால் தாடை எதையும் சொல்லாது, அசையத்தான் செய்யும். நீளமாக அசைந்தது. நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறான். மறுபடி அசைந்தது, இப்போது சின்னச் சின்னதாக. பாக்கலாம் என்பதற்கு எவ்வளவு அசைய வேண்டும், சரி என்பதற்கு எவ்வளவு என்று அவள் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்னல் மாறி வண்டி நகர்ந்தது.

பெரியவள் விரல்களைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தாள். கழுத்து நிமிர்ந்திருந்தது. அந்த ஒரு கணம், ஆனால் கணம் முடிந்தும் அவள் அப்படியே இருந்தாள். அம்மா காத்திருந்தாள். பெல்லுக்கும் குக்கருக்கும் கீழ் வீட்டுச் சண்டைக்கும் ஓடி வந்து இழுக்கிற கை. அது இழுக்கவில்லை. துப்பட்டாவின் நுனியை முழுக்க உள்ளங்கைக்குள் சுருட்டி, விரல் முட்டிகள் வெளுக்க மூடிக்கொண்டது.

"அப்பா என்னடா சொல்றாரு அத்தகிட்ட?"

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். முட்டி போட்டு எழுந்து, அம்மாவின் தாடையை இரு உள்ளங்கைகளாலும் பிடித்தாள். பிடித்துத் தன் பக்கம் திருப்பவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"அங்க பாரு" என்று அவள் வாய் அகலமாகத் திறந்து மூடியதை அம்மா கண்ணோரத்தில் பார்த்தாள்.

அந்தப் பக்கம் ஒரு நீளச் சுவர்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் கையை எடுக்கவில்லை. அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மடியில் இருந்த உருண்டையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி, அவன் உச்சியில் தாடையை ஊன்றினாள். அவன் எதையோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். சுவர் ஓடியது. அவளுடைய பற்களுக்குள் அவனுடைய குரல் முனகிக்கொண்டே வந்தது.